செவிலியப் பராமரிப்பில் ரோபோக்களும் செயற்கை நுண்ணறிவும்: ஜப்பானிய அனுபவத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முதியோர் பராமரிப்பில் ரோபோக்கள் பணிச்சுமையைக் குறைக்கும் என்னும் எதிர்பார்ப்பு பரவலாக உள்ளது. ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட சில கருவிகளைக் கொண்டு அவ்வெதிர்பார்ப்பு நடைமுறையோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவிலியம், ரோபோ, செயற்கை நுண்ணறிவு, முதியோர் பராமரிப்பு, ஜப்பான்

முன்னுரை

ஜப்பானிய மக்களுள் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கு 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. எனினும் பராமரிப்போர் பற்றாக்குறை நீங்கவில்லை. அதனை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்றாக ரோபோக் கருவிகளின் உருவாக்கத்திற்கு அரசு நிதியளித்தது.

தூக்கும் கருவிகள்

படுக்கையிலிருந்து நோயாளியைத் தூக்கி அமர்த்துதல் பராமரிப்போருக்கு முதுகுவலி உண்டாக்கும் பணியாகும். இதற்கென ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2009இல் ‘ரிபா’வையும் 2015இல் கரடி முகம் கொண்ட ‘ரோபேர்’ என்பதையும் அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள ரோபேர் ஆய்வுநிலையிலேயே நின்றுவிட்டது.

துணைமை ரோபோக்கள்

தகனோரி ஷிபாடா உருவாக்கிய ‘பாரோ’ கடல்நாய்க் குட்டியின் வடிவிலானது. தொடுதல், ஒளி, ஒலி, வெப்பம் ஆகியவற்றை உணர்ந்து எதிர்வினை புரியும் இது, அமெரிக்காவில் 2009இல் மருத்துவக் கருவியாக ஏற்கப்பட்டது. மறதிநோயாளரை அமைதிப்படுத்த இது பயன்படுகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் களஆய்வு செய்த ஜேம்ஸ் ரைட், தம் முடிவுகளை 2023இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவை கருதத்தக்கன. ‘ஹக்’ என்னும் தூக்கும் கருவியை அறைதோறும் நகர்த்த நேரம் பிடித்ததால் பணியாளர் சில நாள்களிலேயே அதனைக் கைவிட்டனர். ‘பெப்பர்’ உடற்பயிற்சி கற்பித்தபோது பணியாளர் ஒருவர் அருகில் நின்று அதன் அசைவுகளைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. மூதாட்டி ஒருவர் பாரோ உடனில்லாமல் உண்ணவும் உறங்கவும் மறுத்தார். கருவியை இயக்கல், தூய்மை செய்தல், கண்காணித்தல் எனப் புதிய வேலைகள் சேர்ந்தன.

செயற்கை நுண்ணறிவின் இடம்

மெத்தைக்கு அடியில் வைக்கப்படும் உணர்விகள் உறக்கம், மூச்சு, படுக்கையை விட்டு எழுதல் ஆகியவற்றை அறிவிக்கின்றன. உறங்குவோரை எழுப்பாமல் இரவுக் கண்காணிப்பு நிகழ்வது இதன் பயன். ஆனால் தவறான எச்சரிக்கைகள் மிகுந்தால் செவிலியர் உண்மையான எச்சரிக்கையையும் பொருட்படுத்தாத நிலை ஏற்படும். எச்சரிக்கையை மதிப்பிட்டுச் செயற்படும் பொறுப்பு அவர்களிடமே தங்குகிறது.

முடிவுரை

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாகத் திருக்குறள் ‘உழைச்செல்வான்’ என்பவரைச் சுட்டுகிறது. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருத்தலே அப்பணிக்குப் பெயராயிற்று. ஆகவே ஒரு கருவி எத்தனை பேரின் வேலையைச் செய்கிறது என்பதைவிட, செவிலியர் நோயாளியின் அருகில் இருக்கும் நேரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாக வேண்டும். கருவிகளை வடிவமைக்கும் கட்டத்திலேயே செவிலியரின் கருத்து கேட்கப்பட்டால், பயனற்றுக் கிடக்கும் கருவிகளின் எண்ணிக்கை குறையும்.