ராஸ்பெர்ரி பை விளையாட்டுப் பெட்டிக்கு நிறுத்தும் பொத்தான் அமைத்தல்

ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினி ஆகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், மாணவர்கள் நிரலாக்கம் பழகுவதற்காக உருவாக்கப்பட்ட இது, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. ரெட்ரோபை என்னும் இலவச மென்பொருளை நிறுவி, பழைய வீடியோ கேம்களை ஆடும் பெட்டியாகவும் இதைப் பலர் பயன்படுத்துகின்றனர். 2023-இல் வெளியான ராஸ்பெர்ரி பை 5-இல் நிறுத்தும் பொத்தான் உண்டு. அதற்கு முந்தைய பலகைகளில் இல்லாததால், ஒரு பொத்தானையும் இரண்டு ஒயர்களையும் கொண்டு பயனரே அமைத்துக்கொள்ள வேண்டும்.

தேவை

1990-களில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடிய 'கேசட்' வீடியோ கேம் பெட்டிகளை, ஆட்டத்தின் நடுவே சுவிட்சைத் தட்டி அணைத்தாலும் கெடுதல் இல்லை. விளையாட்டு, படிக்க மட்டுமே இயலும் சில்லில் பதிந்திருந்தது. ராஸ்பெர்ரி பையோ முழுமையான கணினி. அதில் இயங்கும் லினக்ஸ், சேமிக்க வேண்டிய தகவலைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, சற்றுப் பிறகே மெமரி கார்டில் எழுதுகிறது. அந்த இடைவெளியில் ஒயரைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையலாம். மறுமுறை கணினி தொடங்காமலே போகலாம்.

நெய்வேலி நகரியத்து மாணவர்களுக்கு இதற்கு உதாரணம் ஊரிலேயே இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்டு 1962-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2020-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையம் நீராவிச் சுழலிகளால் இயங்கியது; அங்கு இப்போதுள்ள அனல்மின் நிலையங்களும் அவ்வாறே இயங்குபவை. சுழலியை நிறுத்தும்போது, சூடு தணியும்வரை அதன் தண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அசையாமல் விட்டால் தண்டு வளைந்துவிடும். நிறுத்துவதும் ஒரு வேலைதான்.

இணைக்கும் முறை

பலகையின் ஓரத்தில் இரு வரிசைகளாக நிற்கும் ஊசிகளே 'ஜிபிஐஓ' முனைகள். மெமரி கார்டு செருகும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். உள்வரிசையில் 1, 3, 5 என ஒற்றை எண்களும், விளிம்பை ஒட்டிய வரிசையில் 2, 4, 6 என இரட்டை எண்களும் அமையும். பொத்தானுக்கு வேண்டியவை 5, 6 ஆகிய இரண்டு மட்டுமே. அதாவது இரு வரிசையிலும் மூன்றாவது ஊசி. ஐந்தாம் ஊசியின் பெயர் 'ஜிபிஐஓ 3'. ஊசியின் எண் வேறு, ஜிபிஐஓ எண் வேறு என்பதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஆறாம் ஊசி 'கிரவுண்ட்' எனப்படும் தரை முனை.

ஜிபிஐஓ 3, பலகையிலேயே உள்ள ஒரு மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுடன் இணைந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது தரையைத் தொட்டு 0 வோல்ட்டுக்கு இறங்கும். இந்த இறக்கத்தையே கணினி கட்டளையாகக் கொள்கிறது. எனவே தனி மின்தடை தேவையில்லை. எந்த ஒயரை எந்த ஊசியில் மாட்டினாலும் சரியே.

ஆபத்து ஆறாம் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்காம் ஊசியில் 5 வோல்ட் ஓடுகிறது. ஒயர் ஓர் ஊசி தள்ளி மாட்டப்பட்டுவிட்டால், பொத்தானை அழுத்தும் கணத்தில் 5 வோல்ட், 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத முனைக்குள் பாய்ந்து செயலியையே கெடுத்துவிடக்கூடும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே ஒயர் மாட்ட வேண்டும். மாட்டியபின் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நான்கு கால் கொண்ட சிறு பொத்தானில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளுக்குள் இணைந்திருக்கும். குறுக்காக எதிரெதிரே உள்ள இரு கால்களைத் தேர்ந்தால் பிழை வராது.

மென்பொருள் அமைப்பு

நிறுத்தப்பட்ட கணினியை மீண்டும் எழுப்பும் திறன் ஜிபிஐஓ 3-க்கு இயல்பாகவே உண்டு. நிறுத்துவதற்கு மட்டும், 'கான்ஃபிக்' என்னும் அமைவுக் கோப்பில் 'ஜிபிஐஓ-ஷட்டவுன்' மேலடுக்கை இயக்கும் ஒரு வரியைச் சேர்த்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சிறு கடிகாரம், திரை போன்ற ஐ2சி கருவிகளும் இதே முனையைப் பயன்படுத்துவதால், அவை இருந்தால் நிறுத்துவதற்கு வேறு முனையை ஒதுக்க வேண்டும். அப்போது எழுப்பும் வசதி அந்தப் பொத்தானுக்குக் கிடைக்காது.

பல விளையாட்டுகளில், ஆடியவர் சேமித்த நிலை அந்த ஆட்டத்தை விட்டு வெளியேறும்போதுதான் கார்டில் எழுதப்படுகிறது. ஆகவே முதலில் ஆட்டத்திலிருந்து வெளியேறி, பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். பலகையின் பச்சை விளக்கு சிமிட்டுவது நின்றபின் சுவர் சுவிட்சை அணைக்கலாம்.