மண்ணுக்கடியில் கரியமில வாயு: அளவீட்டை முன்கூட்டியே கேளுங்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் கிடைக்கும் சார்னோகைட் பாறையை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், கனிமங்களுக்குள் குட்டிக் குமிழ்கள் தெரியும். அவற்றில் இருப்பது கரியமில வாயு. சுமார் 50 கோடி ஆண்டுகளாக அது அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. நகரின் ஆக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தார் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பாறை வாயுவைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. என் கவலை நாம் போடும் துளையைப் பற்றியது. காற்றில் கலக்காமலிருக்க, ஆலைகளில் பிரித்தெடுத்த கரியமில வாயுவை 800 மீட்டருக்கும் கீழே, நுண்துளைப் பாறைக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். மேலே களிப்பாறை மூடியாக நிற்கும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் இது நடக்கிறது. ஜார்க்கண்டின் பக்ரி பர்வாடியில் மின் நிறுவனமான என்டிபிசி இதற்கான ஆய்வுக் கிணற்றை 2025இல் துளையிடத் தொடங்கியது. அமெரிக்காவின் டிகேட்டரிலோ, கண்காணிக்கத் தோண்டிய கிணற்றின் குழாயே அரித்து, திரவம் அனுமதியில்லாத அடுக்குக்குள் நகர்ந்தது. 2024இல் அது வெளியே தெரிந்தது.

குழாய்வழியிலும் ஆபத்து உண்டு. 2020 பிப்ரவரி 22 அன்று மிசிசிப்பியின் சடார்ஷியா ஊருக்கு அருகே, மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. தப்பியோடியவர்களின் கார்கள் பாதிவழியில் நின்றுபோயின. எஞ்சினுக்குக்கூடப் போதிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே கசிவு என்று தெரிந்தால் மேட்டுப்பக்கம், காற்றுக்குக் குறுக்காக நகருங்கள். மயங்கியவரைத் தூக்கக் கிணற்றுக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ இறங்கவே கூடாது.

கனடாவில் கரியமில வாயுவை நிலத்தடியில் செலுத்தும் வெய்பர்ன் எண்ணெய் வயலருகே 2011இல் ஒரு விவசாயக் குடும்பம், தங்கள் நிலத்தில் வாயு கசிகிறது என்று புகார் சொன்னது. ஆய்வாளர்கள் மண்வாயுவையும் நீரையும் பரிசோதித்து, அது திட்டத்திலிருந்து வந்ததல்ல என்றார்கள். மண்ணில் இயல்பாகவே கரியமில வாயு உண்டு. மழைக்கும் கோடைக்கும் அதன் அளவு மாறும். ஆகவே செலுத்தத் தொடங்கும் முன், குறைந்தது ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் மண்வாயுவையும் கிணற்று நீரையும் அளந்து வைக்க வேண்டும். அந்தப் பழைய கணக்கு இல்லையென்றால், பிறகு கசிவு என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் நிரூபிக்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

உங்கள் பகுதிக்கு இப்படியொரு திட்டம் வந்தால், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இந்த அளவீட்டைத்தான் முதலில் கேளுங்கள். பழைய ஆழ்துளைக் கிணறுகளின் வரைபடத்தையும் கேளுங்கள். கைவிட்ட கிணறே வாயுவுக்குச் சுலபமான வழி. அரசு அலுவலகத்தில் இருக்கும் தகவலைத் தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்க, பாதிப்பு முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு. கிணற்று நீரின் சுவையோ நிறமோ மாறினால் அன்றே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து, தேதியிட்ட ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.