அப்பாவோட டயானா!

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் டயானா இருபது வருஷமாகப் படுத்துக் கிடந்தாள். அம்மாவுக்கும் தெரியும். ஆட்சேபணை சொன்னதில்லை.

பதறாதீர்கள். அந்த இளவரசி இல்லை. ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் 1890-ல் ஆரம்பித்த கம்பெனியின் ஏர் ரைபிள். மாடல் 27. டயானா என்பது ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம். கம்பெனி முத்திரையில் அந்த அம்மாள் வில்லைக் கீழே போட்டுவிட்டு, ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்பா மதுரையில் ஒரு மில்லில் கணக்கெழுதியவர். சுடக் கற்றுக்கொண்டது காலேஜ் என்.சி.சி.யில். 1978-ல் கொடைக்கானலில் யாரிடமோ செகண்ட் ஹேண்டாக இதை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் மேலூர் பக்கம் சித்தப்பா தோப்புக்குக் கிளம்பிவிடுவார். மண்மேட்டில் அட்டையைக் குத்திவைத்து, பத்து மீட்டர் அளந்து, நின்று சுடுவார். காக்கா குருவி பக்கம் குழலைத் திருப்பினதே கிடையாது. "அட்டைக்கு வலிக்காதுடா" என்பார்.

அந்தப் பத்து மீட்டர் அப்பா கண்டுபிடித்ததல்ல. 1984 லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒலிம்பிக்ஸில் இருக்கிற போட்டி. அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஆபீஸ் லெட்ஜரில் நாம் வைக்கிற முற்றுப்புள்ளி சைஸ்! 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். மகனோ பி.காம். சும்மா கிடக்கிற சொத்தைக் காசாக்க வேண்டாமா? ஒருத்தரைக் கூட்டி வந்து காட்டினேன். ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். குண்டு பாதி வழியில் மனசு மாறி விழுந்தது.

"காத்தே இல்லையே சார். அதுவும் போகட்டும், பின்கட்டையை எவனோ அறுத்திருக்கான் பாருங்க. ஒரிஜினல் போச்சு. பழைய இரும்பு விலைதான்."

பார்த்தேன். தோளில் பொருந்துகிற முனையில் ரெண்டு விரற்கடை நீளம் காணோம். எந்த மடையன் செய்த வேலை? சரி, ரிப்பேர் பண்ணி விற்போம் என்று முடிவெடுத்தேன். (லைசென்ஸ்? விசாரித்துவிட்டேன். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் இருபது ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு வேண்டாம்.)

செல்லூரில் ஒரு சைக்கிள் கடை அண்ணன். சித்திரைப் பொருட்காட்சி வந்தால் பலூன் சுடுகிற ஸ்டால் துப்பாக்கிகளுக்கு அவர்தான் டாக்டர்.

"ஒண்ணுமில்லை தம்பி. சைக்கிள் பம்பு மாதிரிதான். குழலை மடக்கினா ஸ்பிரிங் அமுங்கும். விசையை இழுத்தா ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், அது காத்தை நெருக்கும், காத்து குண்டைத் தள்ளும். பிஸ்டன் முனையில தோல் வாஷர் இருக்கு. அது காய்ஞ்சு போச்சு."

அமுங்கிய ஸ்பிரிங் ஆளை அடித்துவிடும் என்று பலகை, கிளாம்ப் எல்லாம் வைத்துப் பிடித்துத்தான் திறந்தார். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று விசைப் பெட்டியை வாங்கிக் கவிழ்த்தேன். டிங்... டிங்... டிங்! மூன்று இரும்புக் குண்டுமணிகள் உருண்டோடின. பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவதே அவைதானாம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கடை முழுக்கக் குப்புறப் படுத்து நீந்தினேன். இரண்டு உடனே கிடைத்தன. மூன்றாவது என் சட்டைப் பையில்!

புதுத் தோல் வாஷரைத் தெரு முனையில் செருப்புத் தைக்கிறவர் வெட்டிக் கொடுத்தார். விளக்கெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிழிந்து துடைத்து மாட்டினோம்.

அத்தோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து, 'இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் என்ன' என்று காற்றுத் துவாரத்தில் தாராளமாக ஊற்றினேன். மொட்டைமாடியில் மணல் மூட்டையைப் பார்த்துச் சுட்டேன். டமார்! குழலில் புகை. எதிர்வீட்டு மாமா, "சிலிண்டரா?" என்று வேட்டியோடு ஓடிவந்தார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "டீசல் இன்ஜின்ல பிளக்கா இருக்கு? நெருக்கின காத்துச் சூட்டுலதானே டீசல் பத்திக்குது? இங்கயும் அதேதான். ஸ்பிரிங் ஒடியும் தம்பி, ஜாக்கிரதை." மறுபடி பிரித்தோம், துடைத்தோம். இந்த முறை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குண்டு நேராகப் பாய்ந்தது. பாக்கி பின்கட்டைதான். ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன், அறுத்த மடையன் யார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உங்கப்பாதாண்டா. உனக்குப் பத்து வயசு. கை எட்டலைன்னு உனக்காக அறுத்தாரு. நீ மூணு ஞாயித்துக்கிழமை போனே. அப்புறம் கிரிக்கெட், கிரிக்கெட்னு ஓடிட்டே."

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பழைய பேப்பரைப் பிரித்தேன். அறுத்த துண்டு! இரண்டு ஸ்குரூ ஓட்டைகள் அளவெடுத்துப் போட்டிருந்தன. எண்ணெய் தடவி வைத்திருந்தார். நான் வளர்ந்ததும் திரும்ப மாட்டுவதற்கு.

வளர்ந்தேன். மாட்டச் சொல்லி அப்பாவும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று நானும் பார்க்கவில்லை.

ஆசாரி பொருத்திப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. தோளில் வைத்தேன். எனக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. விலை கேட்டவருக்கு போன் பண்ணி, "விக்கலை சார்" என்று சொல்லிவிட்டேன்.

"பசை போட்டு நிரந்தரமா ஒட்டிடவா சார்?" என்றார் ஆசாரி.

என் பெண்ணுக்கு ஏழு வயசாகிறது.

"வேண்டாங்க. ஸ்குரூ மட்டும் போதும்" என்றேன்.