நூற்றுக்கு நூறு வாங்கியும் பிறந்த தேதி பார்க்கிறார்கள்!

கேள்வித்தாளுக்கே மார்க் போடும் கணக்கு

கோவை,

பிளஸ்-2 கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நூற்றுக்கு நூறு. என்ஜினீயரிங் 'கட்-ஆப்' 200-க்கு 200. 2025-ம் ஆண்டு தமிழக ரேங்க் பட்டியலில் இப்படி நின்றவர்கள் ஒருவர் இருவர் அல்ல, 144 பேர்!

இவர்களில் முதல் ரேங்க் யாருக்கு? மூன்று பாடத்திலும் எல்லோரும் சமம். எனவே பிளஸ்-2 மொத்த மார்க், பிறகு 10-ம் வகுப்பு மார்க் பார்க்கிறார்கள். அதுவும் சமமானால் பிறந்த தேதி. மூத்தவருக்கு முன்னுரிமை. தேதியும் ஒன்றானால் கம்ப்யூட்டர் தரும் 'ரேண்டம்' எண்!

பீளமேடு பி.எஸ்.ஜி.யிலோ, தடாகம் ரோடு ஜி.சி.டி.யிலோ கேட்ட பிரிவு கிடைப்பதும் நழுவுவதும் இந்த வரிசையைப் பொறுத்ததுதான். "ராத்திரி பகலா படிச்ச புள்ளைக்கு, முன்னாடி பொறந்தாத்தான் சீட்டுங்களா?" என்று பெற்றோர் கேட்டால் என்ன பதில்?

சலிக்காத சல்லடை

குறை பிள்ளைகளிடம் இல்லை. சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் அரிசியும் விழும், கல்லும் விழும். கேள்வியும் அப்படித்தான். நல்ல கேள்வியா என்று பார்க்க எளிய கணக்கு இருக்கிறது. பி.எட். படிப்பவர்களுக்கு இது பாடம்.

100 பேர் எழுதிய விடைத்தாள்களை மார்க் வரிசையில் அடுக்க வேண்டும். மேலே 27, கீழே 27 எடுக்க வேண்டும். இந்த 27 சதவீதக் கணக்கைச் சொன்னவர் அமெரிக்க நிபுணர் கெல்லி, ஆண்டு 1939.

ஒரு கேள்விக்கு மேல் கோஷ்டியில் 24 பேரும், கீழ் கோஷ்டியில் 8 பேரும் சரியாக எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 16. அதை 27-ஆல் வகுத்தால் 0.59. 0.40-க்கு மேல் போனால் கேள்வி பிரமாதம். 0.20-க்குக் கீழே என்றால் திருத்த வேண்டும், அல்லது தூக்கிப் போட வேண்டும். எல்லோரும் சரியாக எழுதினால் பூஜ்யம்.

நல்லா படிக்கிறவன் தப்பு செய்து, படிக்காதவன் சரியாக எழுதினால்? மைனஸ்! கேள்வியிலோ, விடைக் குறிப்பிலோ கோளாறு என்று அர்த்தம்.

ஒரே தேர்வு, இரண்டு வேலை

பூஜ்யம் வாங்கிய கேள்வி எல்லா இடத்திலும் வீண் அல்ல. பாடம் புரிந்ததா, பாஸா பெயிலா என்று பார்க்க அது போதும். ஆனால் பிளஸ்-2 தேர்வு பாஸும் போட வேண்டும், ரேங்க்கும் பிரிக்க வேண்டும். சிக்கலே அங்கேதான்.

ரேங்க் பிரிக்கவென்றே 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று அது ரத்தானது. 2007 முதல் என்ஜினீயரிங் சேர்க்கைக்கு பிளஸ்-2 மார்க்தான்.

இந்தக் கணக்குக்கும் அந்தக் குறை உண்டு. இரண்டு கோஷ்டிக்கும் உள்ள தூரத்தை அது காட்டும். அந்தத் தூரம் அறிவால் வந்ததா, கோச்சிங் பணத்தால் வந்ததா என்று சொல்லாது. அதைக் கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.