பழைய இராணுவ லாரியும் அதனைப் பேணுவோரும்

இரண்டாம் உலகப் போரில் வழங்கிய ஊர்திகளுள் டாங்கியையும் ஜீப்பையும் அறியாதார் இலர். ஆயின் அவ்விரண்டிற்கும் வேண்டிய பெட்ரோலையும் குண்டுகளையும், அவற்றைச் செலுத்துவோர்க்கு வேண்டிய உணவையும் சுமந்து சென்ற லாரியைப் பற்றி நம்மனோர் அறிந்தது சிறிதே. அத்தகைய லாரிகளுள் தலைமையானது, அமெரிக்காவில் ஜி.எம்.ஸி. என்னும் பெயரால் செய்யப்பட்ட இரண்டரை டன் லாரியாகும். 1941 முதல் 1945 வரை இவ்வகை வண்டிகள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. சி.சி.கே.டபிள்யூ. என்பது தொழிற்சாலையார் இட்ட பெயர். அப்பெயர் வாயில் நுழையாமையால் போர்வீரர் இதனை 'ஜிம்மி' என்று செல்லமாக அழைத்தனர். முன்னே ஓர் அச்சும் பின்னே ஈரச்சுகளும் உடைய இவ்வண்டியில் மூன்று அச்சுகளையும் எஞ்சினே சுழற்றும். ஆதலின் சேற்றிலும் மணலிலும் இது எளிதில் அகப்பட்டு நிற்பதில்லை.

போர் முடிந்து எண்பதாண்டுகள் கடந்தும் இவ்வண்டிகளுட் பல இன்னும் ஓடுகின்றன. நேசப்படையினர் 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினர் அல்லரோ? அந்நாளை நினைவுகூரும் விழாவுக்கு ஆண்டுதோறும் அவை அணிவகுத்துச் செல்கின்றன. அவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் செல்வரும் அல்லர், தொழில் கற்ற மெக்கானிக்குகளும் அல்லர். ஓய்வு நாட்களைக் கொட்டகையிற் கழிக்கும் சாதாரண மக்களே. அவர்கள் படும் பாடு யாது, பெறும் பயன் யாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இவ்வண்டி பதினெட்டுப் பத்தொன்பது வயதுடைய, அதுகாறும் ஸ்பானரைத் தொட்டறியாத இளைஞரும் ஓட்டிப் பேணுமாறு அமைக்கப்பட்டது. டி.எம். 9-801 என்னும் எண்ணுடைய கைந்நூலொன்றை அமெரிக்கப் போர் இலாகாவினர் இதற்கென வெளியிட்டனர். புறப்படுமுன் எவற்றைப் பார்ப்பது, வழியில் நிற்கும்போது எவற்றைத் தொட்டுப் பார்ப்பது, திரும்பியபின் எவற்றைத் துடைத்து எண்ணெயிடுவது என்றெல்லாம் அந்நூல் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லும். 'ஆர்மி மோட்டார்ஸ்' என்னும் இராணுவப் பத்திரிகை இவற்றையே வேடிக்கைச் சித்திரங்களால் கற்பித்தது. வில் ஐஸ்னர் என்னும் பெயர்பெற்ற சித்திரக்காரர் அதில் ஓர் அசட்டுப் போர்வீரனைப் படைத்து, அவன் செய்யும் பிழைகளைக் காட்டியே பிறரைத் திருத்தினார். இன்று அவ்வண்டியை வைத்திருப்போரும் அக்கைந்நூலைக் கரும்பட்ட விரல்களால் புரட்டிக்கொண்டே வேலை செய்கின்றனர்.

இனித் தொல்லைகளைக் காண்போம். பெரும்பாலோர் முதலில் மோதிக்கொள்வது மின்சாரத்தோடுதான். இக்காலத்துக் கார்களின் பாட்டரி பன்னிரண்டு வோல்ட்டு. இவ்வண்டியின் பாட்டரியோ ஆறு வோல்ட்டே. அழுத்தம் பாதியாயின், ஒரே அளவு வேலையைச் செய்தற்கு இருமடங்கு மின்னோட்டம் கம்பி வழியே செல்லவேண்டும். கம்பி இணையும் இடத்தில் சிறிது துருவோ பெயிண்டோ இருப்பின் யாது நேரும்? பன்னிரண்டு வோல்ட்டு வண்டியில் அவ்விடத்து அரை வோல்ட்டு வீணாகும் எனக் கொள்வோம். அஃது இருபத்துநான்கில் ஒரு பங்கு, பொறுக்கத்தக்கது. அதே துரு ஆறு வோல்ட்டு வண்டியில் ஒரு வோல்ட்டை விழுங்கும். அஃது ஆறில் ஒரு பங்கு. குளிர்காலக் காலையில், எண்ணெய் தேனைப்போல் தடித்திருக்கையில், ஸ்டார்ட்டர் முனகி அடங்கிவிடுதற்கு அவ்வளவே போதும். இதனை உணராதார் பாட்டரியைக் குறைகூறிப் புதிது வாங்குவர், பின் ஸ்டார்ட்டரைக் கழற்றுவர், பின் டைனமோவை ஐயுறுவர். உணர்ந்தவரோ உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியிற் படுத்து, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள எர்த் பட்டையின் முனைகளைப் பளபளவெனத் தேய்த்து இறுக்குவர். மூன்று வாரத் துன்பம் அரைமணி நேரத்தில் தீர்வதும் உண்டு.

எஞ்சினுள் தீப்பொறியை எழுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், 'பாயிண்ட்' என்று மெக்கானிக்குகள் வழங்கும் இரு சிறு முனைகள் ஓயாது திறந்து மூடும். அவை திறக்குங்கால் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும். அருகேயுள்ள கண்டென்சர் பழுதுபடின், எஞ்சின் சூடேறியவுடன் நின்று, குளிர்ந்தவுடன் ஒன்றும் அறியாததுபோல் ஓடும். பட்டறை வாயிலில் நன்றாக ஓடிப் பத்து மைல் தொலைவில் நின்றுவிடும் இவ்வகைக் குற்றத்தினும் மனத்தை வாட்டுவது வேறில்லை. எனவே அனுபவமுடையோர் ஒரு கண்டென்சரையும் ஒரு ஜோடி பாயிண்டையும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பர். எண்ணெய் கொள்ளாது விளக்குடன் சென்ற கன்னியர் ஐவரின் கதையை அவர்கட்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

பெட்ரோலும் காலத்தோடு மாறிவிட்டது. இன்று பல நாடுகளில் அதனுடன் எத்தனால் என்னும் சாராயத்தைக் கலந்து விற்கின்றனர். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழங்கால ரப்பரையும் தக்கையையும் அரிக்கும். அதனால் பெட்ரோல் பம்ப்பின் சவ்வு கெடுகிறது. பல்லாண்டுகளாகத் தொட்டியின் அடியிற் படிந்து கிடந்த கசடும் கரைந்து வந்து குழாயை அடைக்கிறது. வெயில் மிகுந்த நாளில் குழாயினுள்ளேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்ப்பினால் இழுக்க முடியாமற் போவதும் உண்டு. அப்பொழுது பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, மரநிழலில் அமர்ந்து காத்திருப்பதே வழி.

இவை யாவும் பொழுதைத்தான் வீணாக்கும். பிரேக்கோ உயிரைப் பற்றியது. இக்காலக் கார்களில் பிரேக் எண்ணெய் செல்லும் வழி இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது வண்டியை நிறுத்தும். இவ்வண்டியில் வழி ஒன்றே. குழாயில் ஓரிடத்தே துளை விழுமாயின் ஆறு நிலைகளிலும் பிரேக் ஒருங்கே இல்லையாகும். வெறுமையாகவே ஏறக்குறைய நான்கு டன் நிறையுள்ள வண்டி, இறக்கத்தில், மிதி தரைவரை அமிழக் கண்டும் விரைந்து செல்வதை எண்ணிப் பார்க்கவேண்டும். கைப்பிரேக் உண்டெனினும், அது சக்கரங்களைப் பற்றாது எஞ்சினின் ஆற்றலைப் பின்னுக்குக் கடத்தும் தண்டையே பற்றுவது. நிற்கும் வண்டியை நிறுத்திவைத்தற்கு உரியதே அன்றி ஓடும் வண்டியை அடக்கற்கு உரியதன்று. மேலும் வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாதலால், மாதக்கணக்கில் ஓடாது கொட்டகையில் நின்ற வண்டியின் பிரேக் சிலிண்டர்களில் துரு பிடிக்கிறது. பிரேக் செய்யும் தொழிலில் ஓடிய வண்டியைவிட நின்ற வண்டியே அதிகம் கெடுகிறது என்பது புதியவர்க்கு வியப்பாகத் தோன்றும். குழாய்கள் அனைத்தையும் புதிதாக்காது எவரும் இவ்வண்டியைச் சாலையில் ஏற்றலாகாது என்பது என் துணிபு. பழமையைக் காக்கிறோம் என்று பழைய ரப்பர்க் குழாயை நம்புவார் பழமையையும் காவார், தம்மையும் காவார், எதிரே வருவோரையும் காவார்.

டயர்களிலும் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. நிலத்திற் படும் டயர்கள் பத்து. ஒவ்வொன்றையும் சக்கரத்தோடு பிணைப்பது, பிளவுடைய இரும்பு வளையம் ஒன்று. வளையம் சரியாகப் பதியாமலோ துருவேறியோ இருக்கையில் காற்றடைப்பின், அது குண்டுபோற் பாய்ந்து அருகிலிருப்பவரைக் கொல்லவும் கூடும். அதனால் இரும்புக் கூட்டினுள் வைத்துத் தூர நின்றே காற்றடைப்பர்.

கியர் மாற்றுதல் தனிக் கலை. இக்காலத்துக் கியர்ப்பெட்டியில், சேரவேண்டிய பற்சக்கரங்களின் வேகங்களை ஒன்றாக்கும் அமைப்பு உள்ளேயே உண்டு. இவ்வண்டியில் அவ்வேலை ஓட்டுவோனுடையது. மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு வர விரும்புவோன் கிளட்சை மிதித்துக் கியரை விலக்கி, கிளட்சை விட்டு, எஞ்சினைச் சிறிது விரைவுபடுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைச் சேர்க்கவேண்டும். எவ்வளவு விரைவுபடுத்துவது என்பதற்கு முள்ளோ கருவியோ துணை செய்யாது, காதே அளவுகோல். பிழைத்தால் பற்கள் நறநறவெனக் கடிபட்டுத் தெருவிலுள்ளார் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். எத்தனையோ நாள் அவ்வாறு நாணியபின், ஒரு நாள் ஏற்றத்தின் நடுவே கோல் வெண்ணெயிற் கத்திபோல ஓசையின்றி இறங்கும். வண்டியைப் பேணுவோர் தம் பயன்களுள் முதலாவதாக இதனையே கூறுதல் இயல்பு.

மற்றொரு பயன், மறைவின்மை. இவ்வெஞ்சினின் மூடியைத் தூக்கினால் ஆறு சிலிண்டர்களின் பிளக்குகளும், கார்புரேட்டரும், பம்ப்பும், குழாய்களும் கண்ணுக்குத் தெரியக் கைக்கு எட்ட நிற்கும். எது எதனால் இயங்குகிறது என்பதை விரலால் தொடர்ந்து சென்றே அறியலாம். குற்றம் கண்டுபிடித்தபோது, அது ஏன் குற்றம் என்பதும் உடனே விளங்கும். மேலும் லட்சக்கணக்கில் ஒரே அளவினதாகச் செய்யப்பட்டமையாலும், போருக்குப்பின் பிரெஞ்சு இராணுவத்தார் இவ்வண்டிகளையே பல்லாண்டுகள் புதுக்கி வழங்கியமையாலும், உதிரி உறுப்புகள் இன்னும் கிடைக்கின்றன.

பேணுவோரிடையே தீராத வழக்கொன்று உண்டு. ஆறு வோல்ட்டை நீக்கிப் பன்னிரண்டாக்கலாமா? பாயிண்டை எறிந்து மின்னணுக் கருவியை வைக்கலாமா? மாற்றினால் தொல்லை குறையும் என்பார் ஒரு சாரார். மாற்றினால் அது அவ்வண்டியே அன்று என்பார் மற்றொரு சாரார். பிறர் உயிரைக் காக்கும் மாற்றம் எதுவும் தகும் என்றும், வெறும் சோம்பலுக்காகச் செய்யும் மாற்றம் தகாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. பிரேக்கில் ஈரம் ஏற்காத சிலிக்கோன் எண்ணெயை இடுவோரை நான் குறைகூறேன். ஆயின் உப்புத்தாளால் தீரும் குற்றத்திற்காக வண்டியின் மின்னமைப்பையே பெயர்த்தெறிவாரை என் சொல்வது?

இவ்வழக்கில் எனக்குள்ள ஈடுபாட்டிற்குக் காரணம் இயந்திரம் மட்டுமன்று. நார்மண்டியில் இறங்கிய படைகள் 1944 ஆகஸ்டில் எதிர்பாராத விரைவோடு முன்னேறின. பிரான்சின் ரயில் பாதைகளோ குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தன. எனவே ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்னும் லாரித் தொடர் இரவும் பகலும் ஓடிப் பெட்ரோலையும் குண்டுகளையும் கொண்டு சேர்த்தது. அத்தொடரின் பெருஞ்சுமையைத் தாங்கியது இந்த ஜிம்மியே. ஓட்டியவருள் ஏறத்தாழ நான்கில் மூவர் கறுப்பு அமெரிக்கர். வெள்ளையரோடு ஒரே படைப்பிரிவில் அமரவும் இடம்பெறாத அவர்கள், அவ்வெள்ளையர் முன்னேறுதற்கு வேண்டியவற்றைத் தூக்கமின்றிச் சுமந்தனர். அமெரிக்கப் படையில் அப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் பிறந்தது. நம் அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா வழியே சீனாவுக்கு வெட்டப்பட்ட மலைச்சாலையில் உழைத்தவருள்ளும் அவ்வினத்தார் மிகப் பலர். 1945ஆம் ஆண்டு தொடக்கத்தில் அச்சாலை திறந்தபோது அதிலும் இவ்வகை லாரிகளே ஊர்ந்தன.

எஞ்சின் அளவுக்குமேல் சுழலாதபடி தடுக்கும் கவர்னர் என்னும் கருவி இவ்வண்டியில் உண்டு. ரெட் பால் ஓட்டுநர், போர்முனையில் பெட்ரோலின்றி நிற்பாரை எண்ணி, அதனைக் கழற்றியோ கெடுத்தோ விரைந்தனர். எஞ்சின் தேய்ந்தால் தேயட்டும், மற்றொன்று வரும் என்பது அவர்கள் நிலை. இன்று மற்றொன்று வாராது. ஆதலின் வண்டியைப் பேணுவோர் அக்கருவியைத் தேடிப் பிடித்து மீண்டும் பூட்டுகின்றனர். மணிக்கு நாற்பத்தைந்து மைலுக்கு மேற் செல்லாது, பின்னால் வரும் கார்கள் ஊதும் ஊதலைப் பொருட்படுத்தாது, சாலையின் ஓரமாக நார்மண்டியை நோக்கிச் செல்கின்றனர்.