பாக்குத் தோப்பு ஓரமாக ஒரு பாதை

மும்பைத் தமிழர்களாகிய நமக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் லோனாவாலா; விட்டால் அலிபாக். சென்ற டிசம்பரில் நாங்கள் இன்னும் தெற்கே போனோம். முருட்-ஜஞ்சிரா கோட்டையைப் பார்த்துவிட்டு, அகர்தண்டாவில் காரோடு படகேறித் திகியில் இறங்கி, திவேஆகர் சேர்ந்தோம்.

அங்கிருந்து ஷேகாடி, ஆரவி வழியாக ஸ்ரீவர்தனுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வலப்புறம் அரபிக்கடல், இடப்புறம் குன்று. பல இடங்களில் அலை சாலைக்குப் பக்கத்திலேயே வந்து உடைகிறது. எதிரே வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்ரீவர்தன் பேஷ்வா பாலாஜி விஸ்வநாத் பிறந்த ஊர்; ‘ரோட்டா’ பாக்குக்கும் பெயர் பெற்றது. நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவரிடம், "தோப்பில் ஏன் இத்தனை வெற்றிடம்?" என்று கேட்டேன். 2020 ஜூன் 3-ல் நிசர்கா புயல் ஒரே பகலில் சாய்த்த மரங்களாம். "தாத்தா வைத்த மரங்கள். இப்போது நான் கன்று வைத்திருக்கிறேன். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை உங்களைப் போல வருகிறவர்கள்தான் எங்களுக்கு மகசூல்" என்றார் சிரித்தபடி.

மகள் கல்யாணத் தாம்பூலத்துக்கு என் மனைவி அவரிடமே பாக்கு வாங்கினாள், பேரம் பேசவில்லை!

நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். மழைக்காலம் வேண்டாம், பகலிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். இரவு அங்கே ஒரு தோப்பு வீட்டில் தங்குங்கள்.