கண் எங்கே பார்க்கிறது?

கணினி அசைவூட்டப் படங்களில் ஒரு பொம்மை உயிருள்ளதாகத் தோன்றுவதும், வெறும் பொம்மையாகவே நின்றுவிடுவதும் பெரும்பாலும் அதன் பார்வையைப் பொறுத்தது. கை, கால் எவ்வளவு அழகாக அசைந்தாலும் கண் வெறுவெளியில் நிலைகுத்தி நின்றால் பார்ப்பவருக்கு மனம் ஒட்டாது. ஒரு பொருளை இன்னொன்றை நோக்கியே இருக்கச் செய்வது எப்படி என்பதை எங்கள் கொட்டகலையை வைத்தே சொல்கிறேன்.

நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற மென்பொருள். நெதர்லாந்தைச் சேர்ந்த டொன் ரூசெண்டால் தொடங்கியது. 2002இல் ஏழே வாரங்களில் மக்களிடம் 100,000 யூரோ திரட்டி, எல்லோருக்கும் இலவசமாக அது திறந்துவிடப்பட்டது. 2025இல் ஒஸ்கார் விருது பெற்ற ‘ஃப்ளோ’ என்ற அசைவூட்டப் படம் இதில்தான் உருவானது. (பிள்ளை கணினியில் விளையாடுகிறாள் என்று கவலைப்படும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கலாம்.)

ஹட்டனிலிருந்து வரும் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து கொட்டகலை நிலையத்துக்கு வருகிறது. ஓரிடத்தில் கமராவை நிறுத்தி அதைப் படம்பிடிக்க வேண்டும். கமராவைக் கையால் அங்கங்கே திருப்பி வைத்தால், பாதை வளையும் இடங்களில் புகையிரதம் படத்தைவிட்டு நழுவிவிடும். அதற்குப் பதிலாகக் கமராவுக்கு ‘ட்ராக் டு’ என்ற கட்டுப்பாட்டை இட்டு, இலக்காகப் புகையிரதத்தைக் காட்டினால் போதும். உள்ளே நடப்பது நாம் வகுப்பில் படிக்கும் திரிகோண கணிதமே. புகையிரதம் கமராவுக்குக் கிழக்கே 40 மீற்றர், வடக்கே 30 மீற்றர் தள்ளி நின்றால் தூரம் 50 மீற்றர். கமரா கிழக்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 37 பாகை திரும்ப வேண்டும். வினாடிக்கு 24 சட்டகம் என்றால் இந்தக் கணக்கு 24 தடவை நடக்கும்.

நாம் சொல்ல வேண்டியவை இரண்டு: எந்த முகம் இலக்கை நோக்க வேண்டும், எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். பிளெண்டரில் கமராவின் வில்லை எதிர் இசட் அச்சை நோக்கியிருக்கும். அதன் தலைப்பக்கம் வை அச்சு. மாற்றிக் கொடுத்தால் கமரா முதுகைக் காட்டும், அல்லது சரிந்து படுத்துவிடும். இலக்கு நேர் உச்சிக்கு மேலே போனால் ‘மேலே’ என்பதற்கே பொருளில்லாமல் போய், கமரா திடீரென்று சுழலும். அங்கே ‘டேம்ப்ட் ட்ராக்’ நல்லது; மேற்பக்கம் எது என்று கேட்காமல் மிகக் குறுகிய வழியில் திரும்பும்.

இன்னொரு வேடிக்கை. மென்பொருளுக்கு மலை தெரியாது. புகையிரதம் சுரங்கத்துக்குள் இருக்கும்போதும் கமரா அதையே தொடர்ந்து திரும்பும். மனிதர் அப்படிப் பார்ப்பதில்லை. சுரங்க வாயிலில் கண்ணை வைத்துக் காத்திருப்பார்கள். அதனால் ‘எம்ப்டி’ என்ற, படத்தில் தெரியாத வெற்றுப் பொருளை இலக்காக்குகிறேன். அதை வாயிலில் காத்திருக்கவிட்டு, புகையிரதம் வெளிவந்ததும் கூடவே நகர்த்துகிறேன்.

கண்ணுக்கும் இதே முறைதான். இரண்டு விழிகளுக்கும் ஒரே எம்ப்டியை இலக்காக்கலாம். முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தால் மாறுகண் ஆகிவிடும். கொழுந்து பறிக்கும் பெண்ணைச் செய்யத் தொடங்குமுன், பக்கத்து லயத்து அக்காவிடம் பறிக்கும்போது எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

“கை பறிக்கிற எடத்த கண்ணு பாக்காதும்மா. அது அடுத்த கொழுந்தத் தேடிப் போயிரும்.”

எந்தப் பாடநூலிலும் நான் காணாத செய்தி அது. கைக்கு ஓர் எம்ப்டி, கண்ணுக்கு ஓர் எம்ப்டி என்று பிரித்தேன். கண்ணுடையது எட்டுச் சட்டகம், அதாவது வினாடியில் மூன்றிலொரு பங்கு முன்னே ஓடும். தலைக்குக் கட்டுப்பாட்டின் வலுவை 0.4 அளவுக்குக் குறைத்தேன். கண் முழுதாகத் திரும்ப, தலை கொஞ்சமாகத் திரும்பும்.

முடித்ததும் அக்காவிடம் காட்டினேன். கைத்தொலைபேசியை முகத்தருகே பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

“கண்ணு சரிதான். ஆனா கூடை பாரமே இல்லாம நிக்கிறாளே?”

இப்போது அவளுடைய முதுகை வளைத்துக்கொண்டிருக்கிறேன்.